ராசியான ரத்தம்

மணி என்ன தம்பி ஆகுது? ஒண்ணு அஞ்சா. என் கையிலயும் வாட்ச் இருக்கு, அதைப் பார்த்துட்டுத்தான் உங்களைக் கேக்குறேன். ஒத்துப் பார்க்க இன்னொண்ணு இல்லாம எதையும் நம்பாதேங்கிறது எங்க வேலையில முதல் பாடம். உங்களுதும் ஒண்ணு அஞ்சு, என்னுதும் ஒண்ணு அஞ்சு. அப்ப ஒண்ணு அஞ்சுதான், தப்பிக்க வழியில்ல.

டிரைவர்கிட்ட மூணு தடவை கேட்டுட்டேன். இஞ்சின் சூடாயிடுச்சாம், ஆறணுமாம். ஆம்பூர் வந்து, அதுவும் பிரியாணிக் கடை வாசலுக்கு நேரா வந்துதான் சூடாகுது பாருங்க, விவரமான இஞ்சின். எல்லாரும் எறங்கி சாப்பிடப் போயிட்டாங்க. நீங்க போகலையா? எனக்குச் சோறு எறங்காது. நாலு மணிக்கு நான் பெங்களூர்ல இருக்கணும். நாலு மணிக்கு ஒரு பொண்ணு பெரிய மனுஷங்க பத்துப் பேரு முன்னாடி எழுந்து நின்னு பேசப் போகுது. அது வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு விஷயம் சொல்லியாகணும். சொல்லலைன்னா அது அங்க ஒரு பொய்யைச் சொல்லிடும். பொய்னு தெரியாமலே சொல்லிடும்.

சொந்தக்காரப் பொண்ணெல்லாம் இல்ல. எங்க லேப்ல விஞ்ஞானி. ஜெபசீலின்னு பேரு, நாகர்கோவில் பக்கம். நான் அங்க டெக்னீஷியன், ஏகாம்பரம். என் வேலை என்னன்னு கேட்டா சிரிப்பீங்க. ஊரே மலேரியாவை ஒழிக்கப் பாக்குது, நான் இருபத்திரண்டு வருஷமா அதை வளர்த்துட்டு இருக்கேன். ஏன் தள்ளி உட்கார்றீங்க? ஒட்டாது தம்பி, நடுவுல கொசு வேணும்.

நெசமாத்தான் சொல்றேன். மருந்து கண்டுபிடிக்கணும்னா முதல்ல கிருமி வேணுமில்ல? அது மனுஷ ரத்தத்துல, ரத்தத்துலயும் செவப்பணுவுக்குள்ள போய்த்தான் வளரும். கண்ணாடிக் குப்பியில ரத்தத்தை ஊத்தி, சத்துத் தண்ணி ஊத்தி, உடம்புச் சூட்டுல வச்சிருக்கணும். தினம் தண்ணி மாத்தணும். அதுக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது, பொங்கல் கிடையாது. எம்பொண்ணு கல்யாணத்தன்னைக்கு ஒன்பது மணிக்கு முகூர்த்தம், ஆறு மணிக்கு நான் லேப்ல நின்னு தண்ணி மாத்திட்டு இருந்தேன். பூங்காவனம், என் சம்சாரம், இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவா. அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா ஒரு நாள் விட்டா கிருமி பட்டினி கிடந்து செத்துடும். அது செத்தா எனக்கென்ன மரியாதை?

அந்தப் பொண்ணு வந்து மூணு வருஷமாச்சு. வந்த அன்னிக்கே அண்ணேன்னு கூப்பிட்டுச்சு. எங்க லேப்ல எல்லாரும் மிஸ்டர் ஏகாம்பரம்பாங்க, இல்லைன்னா கையைத் தட்டிக் கூப்பிடுவாங்க. அதுக்கு மட்டும் நான் அண்ணே. நான் ஆளுங்க முன்னாடி மேடம்னுதான் சொல்லுவேன், தனியா இருந்தா வாம்மா போம்மாதான்.

அது செஞ்ச வேலையை நான் சொல்றேன், உங்களுக்குப் புரியும். இந்தக் கிருமி இருக்கே, பயங்கரத் திருட்டு ஜென்மம். செவப்பணுக்குள்ள நுழையுறதுக்கு நம்மகிட்ட கொக்கி தேடாது. தன் கொக்கியைத் தானே கொண்டாந்து நம்ம சுவத்துல அடிச்சு, அதைத் தன் கையாலயே பிடிச்சுக்கிட்டு உள்ள ஏறிடும். எல்லாம் ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்தப் பொண்ணு என்ன யோசிச்சுதுன்னா, அந்தக் கை இருக்கில்ல, அதுக்கு அச்சா பொருந்துற மாதிரி ஒரு பொய்க் கொக்கி செஞ்சு குடுத்துட்டா? கை அதைப் பிடிச்சுக்கும். சுவத்துல இருக்கிற நெசக் கொக்கியைப் பிடிக்க கை காலியா இருக்காது. வெளியவே கிடந்து சாவும். அந்தப் பொய்க் கொக்கிக்குப் பேருதான் பெப்டைட். நம்ம உடம்புல புரதம் இருக்கில்ல, அதுல ஒரு துண்டு மாதிரி, மணி கோத்த மாதிரி சின்னதா.

கேக்குறதுக்கு லேசா இருக்கும். அது கம்ப்யூட்டர்ல ஒரு படத்தைப் போட்டு இப்படித் திருப்பும், அப்படித் திருப்பும், ஒரு மணியை எடுத்துட்டு வேற மணியை வைக்கும். நாள் முழுக்க அதே வேலை. அப்புறம் செய்யச் சொல்லி ஆர்டர் போடும். ஒன்றரை மாசம் கழிச்சு ஒரு சின்ன ட்யூப்ல வரும், அடியில பாத்தா ஊசி முனையளவு வெள்ளைப் பொடி. ஒவ்வொண்ணுக்கும் நம்பர். ஒண்ணாம் நம்பர் கரையவே இல்ல. நாலு, அஞ்சு எல்லாம் சீரத்துல, அதான் ரத்தத்துல தெளிஞ்சு நிக்கிற தண்ணியில, போட்டதும் துண்டு துண்டாப் போயிடுச்சு. அதனால ரெண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வளையமாக்கிச்சு. இருபத்து மூணாம் நம்பர் நூத்துக்கு முப்பதைத் தடுத்தது. அன்னிக்கு அது எல்லாருக்கும் நேந்திரம் சிப்ஸ் குடுத்துச்சு. முப்பதுக்கே சிப்ஸான்னு எங்க ஹெட் கேட்டார். அவர் அப்படித்தான், பிறத்தியார் சந்தோஷத்துல ஒரு கல்லைப் போட்டாத்தான் அவருக்குச் சாப்பாடு செரிக்கும்.

தடுத்ததா இல்லையான்னு எப்படித் தெரியும்னு கேளுங்க. நீங்க கேக்கலைன்னாலும் சொல்றேன். அதுதான் என் வேலை. ரெண்டு தட்டு வைக்கணும். ரெண்டுலயும் அதே கிருமி, அதே தண்ணி, அதே ரத்தம். ஒரு தட்டுல மட்டும் பெப்டைட். ரெண்டு நாள் கழிச்சு ரெண்டுலேருந்தும் ஒரு சொட்டை எடுத்து, கண்ணாடியில தேய்ச்சு, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்புல எண்ணணும். நான்தான் எண்ணுவேன். ஏகாம்பரம் கண்ணுன்னா எங்க ஹெட்டே எதிர்த்துப் பேச மாட்டார்.

மணி என்ன? ஒண்ணு பதினஞ்சு. இந்த டிரைவர் இன்னும் டீ குடிக்கிறாரு பாருங்க, ஊதி ஊதிக் குடிக்கிறாரு.

என்ன கேட்டீங்க? ரயில்ல போயிருக்கலாமேவா? எம்மருமகன் காலையில ஆறு மணி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்தார். எடுத்தார்தான். பூங்காவனம் இட்லி கட்டித்தர நேரமாக்கிட்டா. நான் ஒரு சட்டையைப் போட்டேன், அது சரியில்லைன்னு வேற சட்டை போட்டேன். ரயில் போயிடுச்சு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? சரி பஸ்ல போவோம்னு இதுல ஏறினேன். பின்னாடியே ஏசி பஸ் நின்னுச்சுதான். ஏசி எனக்குச் சளி பிடிக்கும்.

இந்தக் கையைப் பாருங்க. முட்டி முட்டியா வீங்கியிருக்கா? வாதம். ஆனி மாசத்துல ஆரம்பிச்சது. காலையில எழுந்தா விரல் மடங்காது. என் வேலையே கட்டை விரல்லதான் தம்பி. பிப்பெட்னு ஒண்ணு இருக்கு, கட்டை விரலால அழுத்தி, சொட்டு அளந்து விடுறது. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அழுத்துவேன். நான் யார்கிட்டயும் சொல்லல. எப்படிச் சொல்லுவேன்? எங்கூட தனகோட்டின்னு ஒருத்தன் இருந்தான், எனக்கு சீனியர். கண்ணுல புரை விழுந்துச்சுன்னு வாயை விட்டுச் சொன்னான். மறுவாரம் ஸ்டோர் ரூமுக்கு மாத்திட்டாங்க. இப்ப அங்க உக்காந்து கையுறைப் பெட்டி எண்ணிட்டு இருக்கான். கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு நல்லாத் தெரியுது, ஆனா திரும்ப லேப்புக்குக் கூப்பிடல. அந்த ஸ்டோர்ல ஜன்னல்கூட கிடையாது. நான் அங்க போனா செத்துடுவேன் தம்பி, உண்மையாத்தான் சொல்றேன்.

அதனால பெரம்பூர்ல ஒரு டாக்டர்கிட்ட கமுக்கமா காட்டினேன். ரெண்டு வருஷம் மாத்திரை சாப்பிடணும்னார். பூங்காவனம்தான் வாங்கிட்டு வருவா. மருந்துக்கடையில மாத்திரைப் பட்டையைப் பத்துப் பத்தா கத்தரிச்சுக் குடுப்பான், மருந்துப் பேருல பாதி வெட்டின அந்தப் பக்கம் போயிடும். அவ ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல திங்கள் செவ்வாய்னு கிழமை வாரியா போட்டு வச்சிடுவா. நான் எடுத்து முழுங்குவேன். பேரை நான் படிக்கல. என்னத்தைப் படிக்கிறது, வலி குறைஞ்சுது, அவ்வளவுதான். நான் படிக்கலைங்கிறதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

இப்ப ரத்தத்துக்கு வர்றேன். இந்தக் கிருமி வளர்க்க ரத்தம் ரத்த வங்கியிலேருந்து வரும். எப்பவாவது வரலைன்னா லேப் ஆளுங்களே குடுப்போம். என் ரத்தம் ஓ பாசிட்டிவ். என் ரத்தத்துல கிருமி என்னமா வளரும் தெரியுமா? பழைய ஹெட் சொல்லுவார், ஏகாம்பரம் ரத்தம் ராசியான ரத்தம்னு. ஆயுத பூஜைக்கு எல்லாரும் மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் குங்குமம் வைப்பாங்க. நான் யாருக்கும் தெரியாம என் முழங்கை மடிப்புலயும் ஒரு பொட்டு வச்சுக்குவேன். சிரிக்காதீங்க. உங்க வேலையிலயும் இப்படி ஏதாவது இருக்கும்.

இந்த வருஷம் ஆயுத பூஜை முடிஞ்ச வாரம்தான் இருபத்தாறாம் நம்பர் வந்துச்சு. பெங்களூர்ல ஒரு கமிட்டி. நல்ல முடிவு இருந்தா அடுத்தது எலியில பார்க்க அனுமதி, அந்தப் பொண்ணுக்கு அஞ்சு வருஷ வேலை. இல்லைன்னா இந்த மாசக் கடைசியோட எங்க லேப்ல அதுக்கு வேலை முடிஞ்சுது, ஊருக்குப் போக வேண்டியதுதான். விண்ணப்பம் அனுப்ப பத்தே நாள். லீவுனால ரத்த வங்கியிலேருந்து புது ரத்தம் வரல. இருந்தது ஒரு பழைய பை, நாலு வாரம் ஆனது, கருத்துப் போயிருந்தது.

அந்தப் பொண்ணு என்கிட்ட வந்து, "இருக்கிறத வச்சே போட்டுருங்கண்ணே. ரெண்டு தட்டுலயும் ஒரே ரத்தம் மட்டும் பாத்துக்கிடுங்க"ன்னு சொல்லிட்டு எழுதப் போயிடுச்சு.

நான் யோசிச்சேன். மூணு வருஷமா கண்ணு எரிய உக்காந்து செஞ்ச பொருள், அதைப் போய் கருத்துப்போன ரத்தத்துல போடுறதா? என் ரத்தத்துலதானே கிருமி நல்லா நுழையும்? அதுலயே தடுத்துக் காட்டிட்டா ஒருத்தன் வாயைத் திறக்க முடியாதில்ல? கஷ்டமான பரீட்சை வச்சுப் பாஸ் பண்ணினாத்தானே பெருமை. அப்படித்தான் நினைச்சேன். அறிவியல் பூர்வமாத்தான் நினைச்சேன். டிஸ்பென்சரி சிஸ்டர்கிட்ட போய்க் கையை நீட்டினேன். நரம்பு சரியா கிடைக்கல, ஒரு சின்ன ட்யூப்தான் வந்துச்சு. அது பெப்டைட் தட்டுக்குத்தான் பத்தும். சரி, இந்தப் பக்கத்துக்கு என் ரத்தம், சும்மா வைக்கிற தட்டுக்குப் பழைய பை. ஒரே ஓ பாசிட்டிவ்தானேன்னு விட்டுட்டேன்.

ரத்தம் குடுக்குறதுக்கு ஒரு ஃபாரம் உண்டு. கடைசிக் கேள்வி, போன ஒரு மாசத்துல ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களான்னு. அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னதே நான்தான். நாலு வருஷம் முன்னாடி ஒரு பையன் ஜுர மாத்திரை சாப்பிட்டு ரத்தம் குடுத்து ஒரு மாச வேலை பாழாச்சு, அவனை நான் திட்டின திட்டு லேபுக்கே தெரியும். அந்தக் கேள்விக்கு நான் இல்லைன்னு டிக் பண்ணினேன். வேற என்ன பண்றது? ஆமான்னு போட்டா என்ன மாத்திரைம்பாங்க, எதுக்கும்பாங்க, அப்புறம் ஸ்டோர் ரூம்தான்.

ரெண்டு நாள் கழிச்சு எண்ணினேன். சும்மா இருந்த தட்டுல கிருமி கிடந்துச்சு, அந்தப் பழைய ரத்தத்துலயே. பெப்டைட் தட்டுல ஆளே இல்ல. நூத்துக்குத் தொண்ணூத்தாறு தடுத்திருக்கு. தொண்ணூத்தாறு தம்பி. அந்தப் பொண்ணு குதிக்கல, கத்தல. போய் முகத்தைக் கழுவிட்டு வந்துச்சு. எந்தக் கண்ணாடி எதுன்னு தெரியாம நம்பர் மேல டேப் ஒட்டிட்டு, திரும்ப எண்ணச் சொல்லுச்சு. எண்ணினேன். அதே தொண்ணூத்தாறு. அப்பத்தான் அழுதுச்சு. நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஒரு விஷயம் இருக்கு. சொல்லவா? பெப்டைட் தட்டுக் கண்ணாடியில ஒண்ணு ரெண்டு செவப்பணுக்குள்ள கருப்பா, சுருங்கி, புள்ளி மாதிரி ஏதோ இருந்துச்சு. அது குனிஞ்சு பாத்துட்டு, "இது என்னதுண்ணே உள்ள?"ன்னு கேட்டுச்சு. நான் சாயம் படிஞ்சிருக்கும்மான்னேன். சரிண்ணேன்னு போயிடுச்சு. என் கண்ணு மேல அதுக்கு அவ்வளவு நம்பிக்கை.

உங்களுக்குப் புரியுதா? கிருமியை வாசல்லயே தடுத்தாச்சுன்னா உள்ள பொணம் எப்படி வரும்? உள்ள பொணம் கிடந்தா அது நுழைஞ்சிருக்குன்னு அர்த்தம். நுழைஞ்சு, உள்ள வேற ஏதோ விஷம் இருந்து செத்திருக்கு. இதெல்லாம் எனக்கு இப்ப தோணுது. அப்ப தோணல. லேசா தோணுச்சு. தோணினதை நான்தான் உக்காருடான்னு உக்கார வச்சேன்.

ஒரு தடவை வந்தது போதாது, திருப்பித் திருப்பி வரணும். அது இன்னும் ரெண்டு தடவை போடச் சொல்லுச்சு. ரெண்டு தடவையும் நான் பெப்டைட் தட்டுக்கு என் ரத்தத்தையே எடுத்தேன். ஒரு தடவை கூடி வந்ததை மாத்தக் கூடாதுன்னு எங்க லேப்ல ஒரு பழக்கம், எல்லாரும் செய்யறதுதான். மூணு தடவையும் தொண்ணூறுக்கு மேல. ஹெட்டு தன் கையாலயே கேக் வெட்டினார். முதல் துண்டை அந்தப் பொண்ணு எனக்குக் குடுத்துச்சு. நான் வாங்கிச் சாப்பிட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் நிம்மதியாத்தான் இருந்தேன். அன்னிக்குப் பூங்காவனம் முழுப் பட்டை வாங்கிட்டு வந்திருந்தா, கத்தரிக்காதது. எக்ஸ்பைரி தேதி சின்ன எழுத்துல இருக்கு, பாத்துச் சொல்லுங்கன்னு நீட்டினா. தேதியைத் தேடினேன், பேரு கண்ணுல பட்டுச்சு.

மலேரியா மாத்திரை தம்பி. வாதத்துக்கும் அதைக் குடுப்பாங்களாம். இருபத்திரண்டு வருஷமா அந்த மருந்து பாட்டிலை எங்க ஃப்ரிட்ஜ்ல நான் பாக்குறேன். அந்தக் கிருமியைக் கொல்லுற மருந்து அது. செவப்பணுக்குள்ள போய் உக்காந்துக்கும், எத்தனை தடவை கழுவினாலும் முழுசாப் போகாது. அஞ்சு மாசமா அது என் ரத்தத்துல ஓடிட்டு இருந்திருக்கு. அதை நான் ராசின்னு தட்டுல ஊத்தியிருக்கேன்.

பூங்காவனம் தேதி என்னன்னு கேட்டா. இன்னும் ரெண்டு வருஷம் இருக்குன்னேன்.

அன்னிக்கு மத்தியானம் தண்ணி மாத்தப் போனப்ப ஒரு தட்டு வச்சேன். என் ரத்தம், பெப்டைட் இல்லாம. முதல் நாளே வச்சிருக்க வேண்டிய தட்டு அது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான், இருந்தாலும் வச்சேன். பக்கத்துல வங்கியிலேருந்து வந்த புது ரத்தத்துல ரெண்டு தட்டு, ஒண்ணுல இருபத்தாறாம் நம்பர், இன்னொண்ணு சும்மா. செவ்வாய்க்கிழமை காலையில பாத்தேன். என் ரத்தத்துல உள்ள நுழைஞ்சு, சுருங்கி, கருப்பா கிடக்கு. அதே பொணம். பெப்டைட் ஒரு சொட்டுகூட இல்லாமலே செத்துக் கிடக்கு.

மைக்ராஸ்கோப்புலேருந்து கண்ணை எடுக்கல, போன் அடிக்குது. அந்தப் பொண்ணு. திங்கக்கிழமையே பெங்களூர் போயிடுச்சு. "அண்ணே, கமிட்டில ஒருத்தர் கேட்டாலும் கேப்பாரு. ரெண்டு தட்டுக்கும் ஒரே ரத்தம்தானே?"ன்னு கேட்டுச்சு.

ஆமாம்மா, ஒரே ரத்தம்தான்னு சொன்னேன்.

என்னை அப்படிப் பாக்காதீங்க தம்பி. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? கண்ணெதிர்ல அந்தக் கண்ணாடி இருக்கு, பின்னாடி ஹெட்டு நிக்கிறார், வாய் பாட்டுக்குச் சொல்லிடுச்சு. சொல்லி முடிச்சதுலேருந்து நான் உக்காரல. நேத்து ராத்திரி பூரா வீட்டுக்குள்ளயே நடந்தேன். அதனாலதான் நேர்ல போறேன். இது நேர்ல சொல்ற விஷயம். கையைப் பிடிச்சுக்கிட்டு, அம்மா இப்படி ஆயிப்போச்சுன்னு முகத்தைப் பாத்துச் சொல்லணும். அதுக்குத்தான் மெனக்கெட்டு இவ்வளவு தூரம் வர்றேன். இல்லைன்னா எனக்கென்ன தலையெழுத்தா?

மணி? ஒண்ணு முப்பத்தஞ்சு. டிரைவர் என்ன சொன்னாராம்? இப்பக் கிளம்பினாலே ஓசூர் போக நாலாயிடுமா? பாத்தீங்களா. நான் சொன்னேன் இல்ல, இந்த பஸ் உருப்படாதுன்னு. நான் என்ன பண்ணுவேன், நான் கிளம்பி வந்துட்டேன், பஸ் போகலைன்னா என் மேலயா குத்தம்?

போன்லயா? போன்ல சொல்ற விஷயமா தம்பி இது? சிக்னல் கிடைக்காது. கிடைச்சாலும் அது பேசப்போற பதட்டத்துல இருக்கும், இந்த நேரத்துல போய். செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்கலாம்தான். புதன்கிழமையும் சொல்லியிருக்கலாம். ஆறு மணி ரயில்ல போயிருந்தா பதினொண்ணரைக்கே அது முன்னாடி நின்னிருக்கலாம், அதையும் நீங்க சொல்ல வேணாம், எனக்குத் தெரியும். எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு நான் காலையிலேருந்து சொல்லிட்டு இருக்கேன், உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்.

ஒண்ணு கேக்குறேன். நான் சொல்லாம விட்டா என்ன ஆகும்? கமிட்டி கைதட்டும். வேலை கிடைக்கும். ஆறு மாசம் கழிச்சு வேற ஊர்ல எவனாவது இதே இருபத்தாறைப் போட்டுப் பாப்பான். வராது. திரும்பப் போடுவான், வராது. அப்ப ஏகாம்பரம்னு எவன் கேப்பான்? ஜெபசீலி பொய் சொல்லிட்டான்னுதான் பேரு வரும். எழுதினது அதுதானே. அப்புறம் அது நெசமாவே ஒண்ணைக் கண்டுபிடிச்சாலும் எவனும் நம்ப மாட்டான்.

நம்பர் இருக்கு, போன்ல ஜே எழுத்துல முதல்லயே இருக்கும். அழுத்தத்தான் முடியல. கட்டை விரலைப் பாருங்க, மடங்கவே மாட்டேங்குது. நேர்லயே சொல்லிக்கிறேன், சாயங்காலமா... என்ன பண்றீங்க தம்பி? போனைக் குடுங்க. அடிச்சுட்டீங்களா? ரிங் போகுதா?

அம்மா. நான் ஏகாம்பரம் பேசுறேன்மா. பஸ்ல. ஆம்பூர். இல்லம்மா, உன்னைப் பாக்கத்தான். இல்ல, வாழ்த்துச் சொல்ல இல்லம்மா. கேளு. கொஞ்சம் தனியா வா. வந்துட்டியா? ரத்தம் ஒண்ணு இல்லம்மா. பெப்டைட் தட்டுல ஊத்தினது என் ரத்தம். மூணு தடவையும். ஆமா. செவ்வாய்க்கிழமை நான் சொன்னது பொய். ஆமா. நான் மாத்திரை சாப்பிடுறேன்மா. வாதத்துக்கு. பேரா? இரு, பட்டை பையிலதான் இருக்கு. தம்பி, அதைக் கொஞ்சம் பிரிச்சுப் பிடிங்க. ஹைட்ராக்சி குளோரோகுயின். இருநூறு மில்லிகிராம். ஆனி மாசத்துலேருந்து.

பேனா எடுக்குது போல தம்பி. பையைத் திறக்கிற சத்தம் கேக்குது.

அம்மா, இருக்கியா? இன்னொண்ணு சொல்லணும். அந்தக் கருப்புப் புள்ளி சாயம் இல்லம்மா. உள்ள செத்த கிருமி. எனக்கு அன்னிக்கே. ஆமா. அன்னிக்கே. புது ரத்தத்துல இருபத்தாறைத் திரும்பப் போட்டேன், சீட்டு என்கிட்ட இருக்கு. தொண்ணூத்தாறு இல்ல. நாப்பது. நாப்பத்தொண்ணு, முப்பத்தொன்பது, நாப்பது. ஒரு தடவை போட்டதுதான், ஒரே தட்டுல மூணு குழியில. உள்ள பொணம் ஒண்ணுகூட இல்லம்மா, வாசல்லதான் தடுத்திருக்கு. நெசமாத்தான் தடுத்திருக்கு. எழுதிக்கோ.

எழுதுது தம்பி. தொண்ணூத்தாறு போட்ட பழைய படத்தை எடுத்துட்டு நாப்பதையே காட்டுறேங்குது. ஒரு தடவைதான் போட்டிருக்குன்னு சேர்த்துச் சொல்லிடுறேங்குது. வேலை கிடைக்குமாம்மான்னு கேட்டா, தெரியலண்ணேங்குது. ஹெட்டுக்கு நானே சொல்லிடுறேன்மா. இல்ல, நீ சொல்லாதே, நான்தான் சொல்லணும். ஸ்டோருக்குப் போகச் சொன்னா போறேன்.

என்னம்மா?

கையா? கைக்கு என்ன. அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, சும்மா லேசா...

தம்பி, போனை நீங்க கொஞ்சம் என் காதுல வச்சுப் பிடிங்க. எனக்குப் பிடிக்க முடியல.

அம்மா. இல்லைன்னு சொன்னேன் பாரு, அதுவும் பொய். வலிக்குதும்மா. அஞ்சு மாசமா வலிக்குது.